சாக்குக்கு மூன்று கைப்பிடி

கப்பல்துறை
03.06.2025

அன்புள்ள திரேசா,

நீர் என் நம்பரைத் தடுத்து வைத்திருப்பதால் தபால் கந்தோருக்கு என்னால் கொஞ்சம் வருமானம். முத்திரை வாங்கும்போது அங்கே இருக்கிற பிள்ளை, "அங்கிள், ஏதும் வழக்கோ?" என்று கேட்டது. "இல்லைப் பிள்ளை, காதல்" என்றேன். கதை இதற்குள் சீனக்குடா தாண்டியிருக்கும்.

விசயம் இதுதான். நிலாவெளி ஹோட்டலுக்குக் கோழி எடுக்கும் ஸெய்னுதீன் நானா, அன்டிபயோடிக் தின்று வளர்ந்த கோழி இனி வேண்டாம் என்றுவிட்டார். தீனில் கலக்கிற அந்த மருந்துப் பவுடரை நிறுத்தினேன். குஞ்சுகளுக்கு வயிறு குழம்பிவிட்டது. கீழே போட்ட உமியெல்லாம் ஈரம். கொட்டிலுக்குள் போனால் கண் எரிகிறது. செத்த குஞ்சொன்றை மிருக வைத்தியர் நிரோஜினி வெட்டிப் பார்த்தார். குடல் நனைந்த கடுதாசி மாதிரிக் கிழிந்தது. "அன்ரி முந்தித் தீனுக்கை இலையள், உள்ளி எல்லாம் கலக்கிறவ எல்லோ? அதைக் குடுத்துப் பாருங்கோ" என்கிறார்.

அந்தக் கலவையைத்தான் நான் கோயில் திருநாளில் எல்லோருக்கும் முன்னால் "என்ரை மனிசி கோழிக்கு ரசம் வைக்கிறா" என்று சொல்லிச் சிரிப்பு மூட்டினேன். சிரித்தவர்களில் ஒருவரும் இப்போது கொட்டில் பக்கம் இல்லை. அளவை எழுதி அனுப்பும். நீரே வந்தால் இன்னும் நல்லது.

உம்முடைய கோமாளி,
டொமினிக்

---

சாம்பல்தீவு
09.06.2025

டிலக்ஷியின் அப்பாவுக்கு,

குஞ்சுகள் பாவம் என்றுதான் எழுதுகிறேன், உங்களுக்காக இல்லை.

கற்பூரவள்ளியையும் முருங்கை இலையையும் நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் வாசம் போய்விடும். காய்ந்த உள்ளிப்பூடு, மஞ்சள் சேர்த்து இடித்து, தீன் சாக்குக்கு மூன்று கைப்பிடி. என் கைப்பிடி. உங்கள் கை அகப்பை மாதிரி, அது சரிவராது.

விடிந்ததும் கொட்டிலின் நடுவால் மெல்ல நடக்க வேண்டும். கோழிகள் எழும்பி விலகும், தண்ணீர் குடிக்கும். எழும்பாததைத் தூக்கிப் பாருங்கள்.

நான் வரமாட்டேன். அக்கா வீட்டில் என்னைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை.

திரேசம்மா

---

கப்பல்துறை
22.06.2025

அன்புள்ள திரேசா,

உம்முடைய சொல்லை அரைவாசி கேட்டேன். என் கையால்தான் அளந்தேன். குஞ்சுகள் தீனை மணந்து பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில் சொதி குறைந்த சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டன.

பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. வாளியில் கலவையைத் தடவி மட்டமாக்கி மூடியிருந்தேன். காலையில் திறந்தால் மஞ்சள் தூளில் மூன்று குழி. சின்னக் கை. விரல் தடம்கூடத் தெரிந்தது. தீனும் கலந்து கிடந்தது. கள்வன் என்றால், வந்து தீன் கலந்துவிட்டுப் போகிற கள்வன் எங்கே இருக்கிறான்? படலைப் பூட்டு அப்படியே. எங்கள் நாய் குரைக்கவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தது.

அன்றிலிருந்து குஞ்சுகள் தின்கின்றன. உமி காய்ந்துவிட்டது. மிதிபட்டுச் செத்த ஒன்றை நிரோஜினி வெட்டினார். குடல் புது ரப்பர் மாதிரி இழுபட்டது. "கெட்டிக்காரன் அங்கிள்" என்றார். கெட்டித்தனம் என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு! வாய் வரவில்லை!

நேற்று விடிய, வாசலிலேயே நின்றுவிட்டேன். எல்லாக் கோழிகளும் படுத்திருந்தன. வாசலடியில் இருந்தவை எழும்பி விலகின. அடுத்தவையும் விலகின. ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு பாதை, மெல்ல, கொட்டிலின் மற்றத் தொங்கல் வரைக்கும் போனது. பின்னால் மூடிக்கொண்டே வந்தது. ஒரு கோழியும் கத்தவில்லை. போகிற வழியில் இடப்பக்கம் ஓரிடத்தில் மட்டும் பாதை கொஞ்சம் நின்றது. பிறகு போய்ப் பார்த்தேன். அங்கே கால் மடங்கின ஒன்று எழும்ப ஏலாமல் கிடந்தது.

கச்சான் காற்று என்று எனக்கு நானே சொன்னேன். வெளியே வந்தால், துறைமுகத்துக் கப்பலின் புகை நேரே மேலே போகிறது. காற்றே இல்லை.

இந்தக் குஞ்சுகள் உம்மைக் கண்டதேயில்லை, திரேசா. அவை பிறக்க முன்னமே நீர் போய்விட்டீர்.

பகிடி இல்லாமல் ஒன்று கேட்கிறேன். நீர் சுகமாக இருக்கிறீரா? அக்காவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. உம்முடைய கையெழுத்தில் ஒரு வரி போதும்.

டொமினிக்

---

சாம்பல்தீவு
27.06.2025

அன்பானவருக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். பயப்படாதேங்கோ.

அக்கா என்னைச் சமைக்கக் குசினிக்குள் விடுவதில்லை. இங்கே நான் மஞ்சள் தொடுவதேயில்லை. ஆனாலும் கொஞ்ச நாளாக விடிய முகம் கழுவும்போது உள்ளங்கை மஞ்சளாக இருக்கிறது. சவர்க்காரம் போட்டாலும் லேசில் போகாது. "எங்கையடி போயிட்டு வாறாய்?" என்று அக்கா கேட்டா. எனக்கும் தெரியவில்லை.

நீங்கள் எழுதிய அந்த விடியலில் ஒரு கனவு. கொட்டிலுக்குள் நடக்கிறேன். இடப்பக்கம் ஒரு குஞ்சு எழும்ப ஏலாமல் கிடக்கிறது. குனிந்தேன், தூக்க முடியவில்லை, கையில் ஒன்றும் படவில்லை. திரும்பினால் வாசலில் நீங்கள். வாயைத் திறந்தபடி, ஒரு பகிடியும் இல்லாமல். கல்யாணம் கட்டின நாளிலிருந்து உங்களை அப்படி நான் கண்டதில்லை. உங்கள் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுத்த கிழமை, சனிக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் வருகிறேன். சந்தியில் நில்லுங்கள்.

மறுநாள் விடிய, கொட்டில் வாசலில் உங்களுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். அப்போதும் கோழிகள் எழும்பி வழிவிட்டால், ஒன்றும் சொல்லாதேங்கோ. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கோ.

திரேசா