ஆதிலாவின் நிரந்தர முகவரி

அனுப்புநர்:
மு. செய்னுலாப்தீன்,
தையற்காரர்,
கரைத்தீவு, புத்தளம்.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், புத்தளம்.

பொருள்: தாதியர் பயிற்சிக்குத் தெரிவான என் மகள் செ. ஆதிலா புத்தளம் மாவட்டத்தில் வசிப்பவர் என உறுதிப்படுத்தும் கடிதம் கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மன்னார் மாவட்டத்து முசலியில் பிறந்து, 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது ஒரு பையுடன் இங்கு வந்தவன். இருபத்தாறு வருடங்களாகக் கரைத்தீவில் தையல் தொழில் செய்கிறேன். நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றிருக்கிறேன். ஆனால் எவரிடமும் கெஞ்சியதில்லை, எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதியதுமில்லை. இது மகளுக்காக எழுதும் முதல் மனு. நடந்த தவறு என்னுடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2. ஆதிலா 1994இல் புத்தளத்தில் பிறந்தவள். எங்கள் குடியிருப்பில் உயர்தரத்தில் உயிரியல் படித்துச் சித்தியடைந்த முதற் பெண் பிள்ளை அவளே. தினமும் விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டே பாடசாலைக்குப் போனாள். “பொம்புளப் புள்ளய இவ்வளவு தூரம் அனுப்புறீங்களே” என்று என்னைக் கேட்டவர்கள், இப்போது தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவளிடம் ஆலோசனை கேட்க வருகிறார்கள். வரட்டும், எனக்கு மெத்தச் சந்தோஷம். இவ்வருடம் ஆறு பெண் பிள்ளைகள் உயிரியல் எடுத்திருக்கிறார்கள்.

3. பெறுபேறு வந்தபின் அவள் சும்மா இருக்கவில்லை. நகரத்திலுள்ள தனியார் மருத்துவ நிலையமொன்றில் உதவியாளராகச் சேர்ந்தாள். அயலவரான மீனவர் அலியாருக்குச் சீனி வருத்தத்தால் காலில் புண். தினமும் மருந்து கட்டாவிட்டால் பாதத்தை எடுக்க நேரிடும் என்று வைத்தியர் எச்சரித்தார். வைத்தியர் காட்டிக்கொடுத்தபடி, வேலைக்குப் போகுமுன் நாற்பத்தொரு நாட்கள் ஆதிலா அந்தக் கட்டை மாற்றினாள். நோன்புப் பெருநாளன்றும் முதலில் அங்கு போய்விட்டுத்தான் வந்து புதுச் சட்டை உடுத்தாள். அலியார் இன்று தோணியில் போகிறார்.

4. கடந்த 11.07.2016 அன்று நேர்முகத் தேர்வுக்குச் சென்றாள். தமிழிலும் சிங்களத்திலும் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரிகள், புத்தளம் மாவட்டப் பட்டியலிலுள்ள பிள்ளையின் நிரந்தர முகவரி முசலி என்றிருக்கிறதே என்று பெயரை நிறுத்தி வைத்தார்கள். அதை எழுதியது நான்தான். என் கையெழுத்து அழகு என்று பெருமைப்பட்டு, பேனாவை அவளிடமிருந்து வாங்கி எழுதினேன். 1990 முதல் எங்கள் சனம் எந்தப் படிவத்தையும் அப்படித்தான் நிரப்பும்: நிரந்தரம் ஊர், தற்காலிகம் கரைத்தீவு. அப்படி எழுதாவிட்டால் ஊரும் காணியும் கைவிட்டுப் போய்விடுமென்ற பயம். வாக்கையும் அங்கேயே வைத்து, தேர்தலுக்குத் தேர்தல் பஸ் பிடித்துப் போய்ப் போட்டு வந்தோம். பழகிப்போன கை ஐயா, யோசிக்காமலே எழுதிவிட்டது.

5. வதிவிடச் சான்றிதழ் கேட்டு இங்குள்ள அலுவலகத்துக்குப் போனேன். “பதிவு மன்னார்லதானே இரிக்கி, அங்க எடுங்க” என்றார்கள். மகளுடன் முசலிக்குப் போனேன். “பிள்ளை இங்க வசிக்கவே இல்ல, நாங்க எப்பிடி எழுதுறது?” என்றார்கள். இரு இடத்திலும் கதிரை தந்து மரியாதையாகத்தான் சொன்னார்கள், சொன்னதும் நியாயம்தான். திரும்பி வரும் பஸ்ஸில் ஆதிலா, “வாப்பா, நான் அங்க ஒரு ராவு கூடப் படுத்ததில்லயே” என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் சுட்டது.

6. எங்கள் பக்கத்து வைத்தியசாலைகளுக்குத் தூர மாவட்டங்களிலிருந்து வரும் தாதியர் நல்ல மனிதர்கள். ஆனால் சிங்களம் தெரியாத எங்கள் பெண்கள் நோவைக் கைச்சாடையில் காட்ட வேண்டியிருக்கிறது. தாதியரும் இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுகிறார்கள். என் மகள் போகமாட்டாள். அவளுக்குப் போக வேறு ஊர் இல்லை.

7. தெரிவுப் பட்டியல் 12.08.2016 அன்று மூடப்படும். அதற்குள் உறுதிக் கடிதம் கொடுக்காவிட்டால் அவளுடைய இடம் அடுத்தவருக்குப் போகும். இவ்வருட வாக்காளர் இடாப்புத் திருத்தத்தில் எங்கள் குடும்பப் பெயர்களை முசலியிலிருந்து நீக்கி, கரைத்தீவில் பதிய விண்ணப்பித்துவிட்டேன். படிவத்தில் கையொப்பமிடும்போது நெஞ்சு வலித்ததை மறைக்கமாட்டேன். என் வாப்பா அங்கேதான் அடங்கியிருக்கிறார். ஆயினும் அப்பதிவு அடுத்த வருடமே நடைமுறைக்கு வரும் என்பதால் தங்கள் கடிதம் இப்போது தேவைப்படுகிறது. பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், நீக்கல் விண்ணப்பப் பிரதி என்பவற்றை இணைத்துள்ளேன்.

ஐயா, இம்மனுவின் தலைப்பில் இரண்டு முகவரி எழுதவில்லை. இருபத்தாறு வருடங்களில் இதுவே முதல் தடவை. மகளுக்கும் அந்த ஒரே முகவரியைத் தங்கள் கையால் உறுதிப்படுத்தித் தருமாறு வேண்டுகிறேன். தகுதியை அவள் தானே தேடிக்கொண்டாள். அதற்காக நான் எவரிடமும் கேட்கவில்லை.

இங்ஙனம்,
மு. செய்னுலாப்தீன்
(ஆதிலாவின் தகப்பன்)

இடம்: கரைத்தீவு
திகதி: 27.07.2016

சாட்சி: அ. அலியார், மீனவர், கரைத்தீவு.
இரண்டு காலாலும் நடந்து வந்து கையொப்பமிட்டேன்.