கூட்டு ரோட்டில் நிற்கும் ஆட்டோ

திண்டிவனம்,
சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரோஜா அப்பாவுக்கு,

அம்சவள்ளி எழுதுவது. நானும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறோம். வெயில்தான் தலையைப் பிளக்கிறது. அங்கே இதைவிட மோசம் என்று உங்களோடு வேலை செய்கிற தேவா சொன்னார். லீவு முடிந்து அவர் மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் வறுத்த மல்லாட்டையையும் கொடுத்தனுப்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் பஸ் என்று வாயெடுத்தாலே "வேற எதுனா பேசு" என்று சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிச் சொல்லி நிறுத்த முடியாது. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, தணிந்ததும் மீதியைப் படியுங்கள்.

ரோஜா ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையை முடித்துவிட்டாள். கணக்குதான் கொஞ்சம் உதைக்கும் போலிருக்கிறது. உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். நீங்கள் வாங்கி அனுப்பிய சுடிதார் கை பத்தவில்லை. அவளுக்குத் தெரியாமல் பிரித்துத் தைத்து வைத்திருக்கிறேன்.

பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆனதும் நம் ஷேர் ஆட்டோவில் ஏற ஆளில்லாமல் போனது. நம் வண்டி காலியாக நிற்க, நேற்றுவரை அதில் வந்தவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறியதை நானும் கண்ணால் பார்த்தேன். வண்டியை விற்றீர்கள், டிரைவர் வேலைக்குக் கடல் தாண்டிப் போனீர்கள். உங்கள் கோபத்தில் பொய் இல்லை. ஆனால் அதே பஸ்ஸில்தான் நான் வேலைக்குப் போகிறேன். அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு பேரும் பேசாமலே இருக்கிறோம்.

வேலை செய்கிற இடம் கடலை மிட்டாய் கம்பெனி. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், தகரக் கொட்டகைதான். நடத்துகிறவர் சாந்திமதி அக்கா, செஞ்சிப் பக்கத்து ஜைனர். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாலும் எங்களோடு உட்கார்ந்து மல்லாட்டைத் தோல் புடைப்பார். முன்பெல்லாம் அவருக்கு ஆளே கிடைக்காதாம். கூலியில் பாதி பஸ்ஸுக்கே போனால் யார் வருவார்கள்? இப்போது சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்தெல்லாம் பெண்கள் வருகிறார்கள். நம்மைப் படுக்க வைத்த பஸ், அந்த அக்காவை எழுப்பி நிறுத்தியிருக்கிறது. இது என்ன கணக்கு என்று எனக்கு ஒரே யோசனை.

சென்னையில் பட்ஜெட் படித்த அன்று காலை, இலவச பஸ்ஸை நிறுத்தப் போகிறார்களாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். சாந்திமதி அக்கா போனை வெல்ல மூட்டைமேல் சாய்த்து வைத்தார். நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. நிறுத்திவிட்டால் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று ஒரு நெஞ்சு சொன்னது. நிறுத்திவிட்டால் நாளைக்கு வேலைக்கு எப்படி வருவாய் என்று இன்னொரு நெஞ்சு கேட்டது. பஸ் தொடரும், அதற்குப் பணம் ஒதுக்கியாச்சு என்று கேட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் கொஞ்சம் தாமதமாகத்தான் தட்டினேன். அதற்குள் அடுப்பில் பாகு முறுகிக் கல்லாகிவிட்டது. அக்கா திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு மட்டும் ரெண்டு பக்கமும் வலிக்குது இல்ல?" என்று கேட்டார்.

மறுநாள் பஸ்ஸில் கண்டக்டரைக் கேட்டேன், இந்தச் சும்மா டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று. அரசாங்கம் பஸ் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்துவிடும், அதைத்தான் பட்ஜெட்டில் ஒதுக்குவார்கள் என்றார். அப்படியானால் இதனால் ஆளில்லாமல் போன ஆட்டோக்காரருக்கு எதில் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டேன். முதலில் சிரித்தார். அப்புறம், "வூட்டுக்காரர் ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தாராம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

சாந்திமதி அக்கா விழுப்புரம் கடைகளுக்குச் சரக்கு கொடுத்துவர என்னை அனுப்புகிறார். அது வெளியூர் பஸ், டிக்கெட் உண்டு. அங்கே ஜங்ஷன் வாசலில் ஒன்று பார்த்தேன். ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கின்றன, ஆள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். பெண்களும்தான். அங்கேயும் டவுன் பஸ் சும்மாதானே ஓடுகிறது, பிறகு எப்படி? பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு டிரைவரிடம் கேட்டேவிட்டேன். குமரேசன் என்று பெயர், சின்ன வயசு. "பஸ் போற ரூட்ல நாங்க போறதே இல்லக்கா. ரயிலும் பஸ்ஸும் எங்க எறக்கி உட்டுட்டுப் போவுதோ, அங்க நிக்கிறோம்" என்றார். பெரிய ஊர், ரயில் வந்துகொண்டே இருக்கும் இடம், அதனால் நடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை.

சாயங்காலம் எங்களோடு பஸ்ஸில் வருகிற பெண்கள் கூட்டு ரோட்டில் இறங்குவார்கள். பஸ் நேராகப் போய்விடும். ஊர்கள் ஏரிக்கரை தாண்டி உள்ளே இருக்கின்றன. தூக்குப் பையும் அரிசியும் சுமந்துகொண்டு நடப்பார்கள். ஒருநாள் நானும் அவர்களோடு இறங்கி நடந்து பார்த்தேன். கால் விட்டுப் போனது. இங்கே ஒரு ஆட்டோ நின்றால் ஏறுவீர்களா என்று கேட்டேன். சிலர், "அதுவும் ஃப்ரீயா?" என்று சிரித்தார்கள். பெரியநாயகி அம்மா மட்டும், "பஸ்ஸுல மிச்சம் புடிச்சத இந்தக் காலுக்குக் குடுத்தா என்னாடி கொறஞ்சி பூடும்?" என்றார்.

இதை உங்கள் சிநேகிதர் ஜெகதீசன் அண்ணனிடம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். "உன் பேச்சைக் கேட்டு டீசல் ஊத்தச் சொல்றியா?" என்றார். இருந்தாலும் வந்தார். முதல் நாள் ஒருத்தரும் ஏறவில்லை. என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. இரண்டாம் நாள் அவராகவே வந்து நின்றார். கோடை மழை பிடித்துக்கொண்டது. ஆறு பேர் ஓடிவந்து ஏறினார்கள். மழை விட்ட பிறகும் அவர்கள் ஏறுவது நிற்கவில்லை. இப்போது காலையில் உள்ளூரில் இருந்து பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விடுகிறார், சாயங்காலம் பஸ்ஸில் இருந்து வாங்கிக்கொண்டு போகிறார். பஸ் லேட்டானால் கண்டக்டருக்கே போன் போட்டுத் திட்டுகிறார். பஸ்ஸைச் சாபம் விட்டவர் பஸ் வரவில்லையே என்று தவிப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வருகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று ஏமாற்றி எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி சும்மா நிற்கிறது. நீங்கள் அங்கே சம்பாதிப்பது இதில் வராது. மினி பஸ் விடப்போகிறார்கள் என்றும் பேச்சிருக்கிறது. அது எந்த வழியில் வரும், வந்தால் எங்கே போய் நிற்பது என்று ஜெகதீசன் அண்ணன் இப்போதே விசாரிக்கிறார். முன்பெல்லாம் பட்ஜெட் என்றால் டிவியை மாற்றுகிறவர், இப்போது பஸ்ஸைப் பற்றி அரசாங்கம் புதிதாக என்ன சொன்னது என்று எங்களுக்கு முன்னால் விசாரிக்கிறார்.

அங்கே உங்கள் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், நீங்கள் பதில் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று தேவா வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவரைக் கோபிக்க வேண்டாம், நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். இரு என்றும் நான் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கடன் எல்லாம் அடைந்துவிட்டது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மேல்மலையனூர் அங்காளம்மன் உங்களுக்குத் துணை இருப்பாள். ராத்திரியில் கண் எரிந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு முகம் கழுவுங்கள். வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதீர்கள். ஜெகதீசன் அண்ணன் போன வாரம் என்னிடம், "அந்தப் பக்கம் இன்னொரு வண்டி வேணும்மா. வேற யாரையாவது கூப்புடட்டுமா, இல்ல பொறுக்கட்டுமா?" என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு நான் என்ன சொல்லட்டும்? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
அம்சவள்ளி