கிளட்ச் பிடித்த கை

செவ்வாய்க்கிழமை, இரவு

பனியன் கம்பெனிக் கட்டிங் மெஷினில் இடது கை விரல்கள் வெட்டுப்பட்டதிலிருந்து பைக்கில் என்னால் கிளட்ச் பிடிக்க முடியவில்லை. கம்பெனியில் இப்போதைக்குச் செக்கிங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். லீவு போட்டால் அந்த இடமும் போய்விடும். அதே கம்பெனியில் டெய்லராக இருக்கும் என் மனைவி சாந்திதான் பின்னால் உட்கார்ந்து, என் கக்கத்துக்கடியில் கையை நீட்டிக் கிளட்சைப் பிடிப்பாள். நான் "புடி" என்றால் பிடிப்பாள், "உடு" என்றால் விடுவாள்.

இன்று சாயங்காலம் பல்லடம் ரோட்டுச் சிக்னலில் கியரைப் போட்டுக் காத்திருந்தோம். பின்னால் நின்ற பஸ் ஹாரனை அலறவிட்டது. சாந்தி திடுக்கிட்டுக் கிளட்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வண்டி துள்ளிப் பாய்ந்து, ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு வடநாட்டுத் தொழிலாளியைத் தள்ளியது.

அவன் கையை ஊன்றி விழுந்தான். எழுந்தபோது மணிக்கட்டு கோணலாக இருந்தது. திட்டப்போகிறான் என்று நினைத்தேன். என் இடது கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணா, கம்பெனி மெஷினா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான். தலையாட்டினேன்.

"ஆட்டோ புடிக்கறனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க" என்று சாந்தி கெஞ்சினாள்.

"வேணாம் அக்கா. நைட் ஷிப்ட். லீவு தர மாட்டான்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கையை நெஞ்சோடு அணைத்தபடி போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தி சொன்னாள். "இனி என்னால ஆகாதுங்க. நாளைக்கு நடந்தே போலாங்க."

சரி என்றேன். இந்நேரம் அவன் எந்த மெஷின் முன்னால் நிற்கிறானோ. நாங்கள் அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.