ஐம்பத்து நான்கு கிலோ

14 மார்ச் 1995, செவ்வாய்

நாற்பத்தாறு படி, ஒன்பது நிமிடம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கைப்பையில் எதையோ தேடுவதுபோல் நடித்தேன். தேடியது மூச்சைத்தான். கீழே கடையில் சுடச்சுடக் கட்டி வாங்கிய காபி, மூன்றாம் மாடிக்கு வருவதற்குள் ஆறிவிட்டது. என் வீட்டுக்காரர் கனகசபை ஒரு வாய் குடித்துவிட்டு, "பிரிக்பீல்ட்ஸ்ல ஐஸ் காபி இப்ப ஐஸ் இல்லாமலே கிடைக்குது லா" என்றார். ரயில்வேயில் வேலை பார்க்கிறவருக்கு இந்த வாய் எங்கிருந்து வந்ததோ.

17 மார்ச், வெள்ளி

டாக்டரிடம் மூன்று ஜோக் சொன்னேன். ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. எடை 121. சர்க்கரை இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். இரைப்பையைச் சின்னதாக்கித் தைத்துவிடும் ஆப்பரேஷன் ஒன்று இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள் என்றார். வயது கேட்டார். முப்பத்தெட்டு.

அம்மா நாற்பத்தொன்பதில் போனாள். இதே உடம்பு, இதே சர்க்கரை. எனக்குக் கழித்தல் நன்றாகத் தெரியும். இன்று கழித்துப் பார்க்கவில்லை.

காப்புறுதி இருக்கிறதே என்று தைரியம். கல்யாணத்துக்கு முன்பே சீவரத்தினம் அங்கிள் எடுத்துக்கொடுத்த பாலிசி. விண்ணப்பத்தை ஆபீஸ் டைப்ரைட்டரிலேயே அடித்து அனுப்பிவிட்டேன். வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்வதில் இந்த ஒரு லாபம்.

18 மார்ச், சனி

இரவுச் சாப்பாடு: வெள்ளரிக்காய். வெள்ளரிக்காய்க்கு நான் எந்தத் துரோகமும் செய்ததில்லை. அது ஏன் எனக்குச் செய்கிறது?

11 ஏப்ரல், செவ்வாய்

கம்பெனி மறுத்துவிட்டது.

போன் போட்டேன். எடுத்தவர் புவான் ரொஹானி என்ற மலாய் அதிகாரி. நல்ல பொம்பளை, பொறுமையாக விளக்கினார். 1983இல் நான் கையெழுத்துப் போட்ட பாரத்தில் எடை 54 கிலோ என்று இருக்கிறதாம். ஐம்பத்து நான்கா! ஐந்தாம் வகுப்பிலேயே அதைத் தாண்டிவிட்டேனே! இருபத்தாறு வயதில் எண்பதுக்குக் குறையாமல் இருந்திருப்பேன்.

சிக்கல் இதுதான். பத்து வருடத்துக்கு மேல் குண்டாக இருந்தவர்களுக்குத்தான் இந்த ஆப்பரேஷனுக்குப் பணம் கொடுப்பார்களாம். 54 நிஜமென்றால் நான் நேற்றுக் குண்டானவள், போய்ப் பட்டினி கிடக்க வேண்டியதுதான். 54 பொய்யென்றால் பாரமே பொய், பாலிசியையே ரத்து செய்யலாம். ஒரே ஒரு வழி: என்னைக் கேட்காமல் தானே எழுதியதாக ஏஜென்ட் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கே நான் குண்டு என்பதற்கு ஒரு போட்டோவும் வேண்டும்.

ஏஜென்ட் என்றால் சீவரத்தினம் அங்கிள். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். காலையில் காப்புறுதி, மாலையில் கல்யாணத் தரகு. இரண்டுக்கும் ஒரே பை, ஒரே பேனா. மாப்பிள்ளை வீட்டுக்கு அவர் எழுதிக் கொடுத்த என் கல்யாணப் பேப்பரிலும் அதே 54தான். அதைப் படித்துவிட்டுத்தான் கனகு என்னைப் பெண் பார்க்க வந்தார். பன்னிரண்டு வருடமாக அந்த எண்ணைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் வாய் திறந்ததில்லை.

15 ஏப்ரல், சனி

அங்கிள் மறுக்கவே இல்லை.

"ஓம் பிள்ளை, நான்தான் எழுதினனான். பொம்பிளைப் பிள்ளையிட்டை எடை கேக்கிறது வடிவே?"

"அதையே ஒரு லெட்டரா எழுதிக் குடுங்க, அங்கிள்."

முகம் மாறிவிட்டது. "எழுதித் தந்தால் என்ரை பேர் என்னாகிறது? நாளைக்குக் கோயிலடியிலை எல்லாரும் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வருவினம்."

வருவார்களா? நல்ல யோசனை. எனக்குத் தோன்றவே இல்லை.

21 ஏப்ரல், வெள்ளி

கந்தசாமி கோயில். பூசை முடிந்ததும் அங்கிள் செய்து வைத்த கல்யாணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். "அக்கா, உங்க பேப்பர்ல என்ன எடை?" ஐம்பத்து நான்கு. அடுத்தவள்? ஐம்பத்து நான்கு. பிரசாத வரிசையில் நின்ற நான்கு பேரும் 54. மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஐந்தடி எட்டு.

வீட்டுக்கு வந்து தரைத்தள வீட்டு மார்க்கிரட்டையும் கேட்டேன். தையல்காரி, ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள், காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்வாள். அவளும் 54! "அப்ப நான் நாப்பத்தொண்ணுதான் இருந்தேன், அக்கா." ஆக அங்கிள் நியாயஸ்தர். என்னிடம் எடுத்ததில் கொஞ்சம் அவளுக்குக் கொடுத்திருக்கிறார்.

30 ஏப்ரல், ஞாயிறு

திட்டம் பிரமாதம். ஐந்து பெண்களும் பேப்பரோடு அங்கிள் வீட்டில் போய் உட்காருவது, ஒவ்வொருத்தியாக வாசிப்பது, அவர் வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போடுவது.

நான்கு பேர் வாசித்தார்கள். சிரிப்பில் கூரை பறந்தது. அங்கிள் மட்டும் சிரிக்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவது மார்க்கிரட். அவள் முடித்ததும் நான் ஒரு குறும்பான வசனம் சொல்ல வேண்டும். ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

வரவில்லை. வேறு ஏதோ வந்துவிட்டது.

"அங்கிள், அம்மா செத்தப்ப பெட்டியைத் தூக்க எட்டு பேர் வேண்டியிருந்துச்சு. நீங்களும் தூக்குனீங்க. படியில நீங்க மூச்சு வாங்கினது எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கும் அப்படி ஆக வேணாம், அங்கிள். பயமா இருக்கு."

அவ்வளவுதான். மூக்கு ஒழுக அழுதேன். ஐந்து பெண்களும் பேப்பரை மடித்துவிட்டார்கள். அங்கிள் எழுந்து போய் அந்தப் பழைய பேனாவை எடுத்து வந்தார். அழகான ஆங்கிலத்தில் எழுதினார்: பெண்ணிடம் எடை கேட்பது பண்பல்ல என்று கருதி, அவரைக் கேளாமல் நானே எழுதினேன், தவறு என்னுடையது. கையெழுத்து. எழுதி முடித்தவர் என் தலையில் கை வைத்தார். "உன்ரை அம்மாவின்ரை பாலிசியிலையும் ஐம்பத்து நாலுதான் எழுதினனான், பிள்ளை."

6 மே, சனி

கிள்ளானுக்குப் போய் தங்கச்சி தங்கரத்தினம் வீட்டிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தேன். கல்யாணமான மறுமாதமே அங்கே ஒளித்து வைத்தது. கனகு கேட்டபோதெல்லாம் "ஸ்டூடியோக்காரன் தொலைச்சிட்டான்" என்று அந்த அப்பாவியைத் திட்டியிருக்கிறேன். பன்னிரண்டு வருடம் மறைத்ததை இப்போது நானே கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்கிறேன்.

கனகு ஆல்பத்தை மடியில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். சரி, இன்றைக்குக் கேட்டுவிடுவோம்.

"ஐம்பத்து நாலுன்னு போட்டிருந்தாங்களே, நம்பிட்டுத்தானே வந்தீங்க?"

"என் பேப்பர்ல அஞ்சடி எட்டுன்னு போட்டிருந்துச்சு. எனக்கு அஞ்சடி நாலு. அதே கையெழுத்து, பூசணி. எப்படி நம்புவேன்?"

"பின்ன ஏன் வந்தீங்க?"

"நீ மட்டும் என் ஹைட்டைப் பார்த்துட்டு எந்திரிச்சுப் போயிடலயே."

மாலை மாற்றும் போட்டோவை அவரே உருவிக் கொடுத்தார். அதில் நான் குனிந்திருக்கிறேன், அவர் எக்கியிருக்கிறார். நான் எவ்வளவு அகலம் என்பது அதில்தான் நன்றாகத் தெரிகிறதாம். அடப்பாவி.

23 மே, செவ்வாய்

பதில் இல்லை.

13 ஜூன், செவ்வாய்

பதில் இல்லை. தபால்காரர் இப்போது என்னைப் பார்த்தால் சாலையின் எதிர்ப்பக்கம் போகிறார்.

4 ஜூலை, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது!

புவான் ரொஹானி போனில் வேறு கூப்பிட்டார். போட்டோ மிகத் தெளிவாக இருந்ததாம். மரியாதையாகச் சொல்கிறார். அம்மா படத்துக்கு விளக்கேற்றினேன்.

22 ஆகஸ்டு, செவ்வாய்

நாளை காலை ஆப்பரேஷன். ஆஸ்பத்திரிப் பாரத்தைக் கனகு நிரப்பினார். எடை என்ற இடத்தில் பேனா நின்றது. "நூத்தி இருபத்து மூணு" என்று உரக்கச் சொன்னேன். பக்கத்துக் கட்டில் ஆன்டி திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

2 செப்டம்பர், சனி

ஆறு ஸ்பூன் கஞ்சியில் வயிறு நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் எங்கே போயிருந்தது இந்த நிறைவு?

17 பிப்ரவரி 1996, சனி

எடை 89.

சாயங்காலம் சீவரத்தினம் அங்கிள் வந்தார். மார்க்கிரட்டின் ஒன்றுவிட்ட தங்கைக்கு வரன் பார்க்கிறார். பெண்ணின் பேப்பரைப் பெருமையாக நீட்டினார். எடை: 67.

"மெய்யாவா, அங்கிள்?"

"மெசின்லை ஏத்தி, நானே குனிஞ்சு பாத்து எழுதினனான்."

மாப்பிள்ளை பேப்பரையும் வாங்கிப் பார்த்தேன். உயரம்: ஐந்தடி எட்டு. மாப்பிள்ளையும் சும்மா அங்கிளோடுதான் வந்திருந்தார். எழுந்து நிற்கச் சொன்னேன். கனகுவின் உயரம்தான். கனகு அவரைப் பார்த்தார், பிறகு அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

எல்லோருக்கும் காபி ஊற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். மார்க்கிரட்டிடம் தையல் டேப்பை வாங்கினேன். எந்தத் திருப்பத்திலும் நிற்காமல் நாற்பத்தாறு படியும் ஏறி வந்தேன். காபி இன்னும் சூடாகத்தான் இருந்தது.