என் நீளத்துக்கு ஒரு கறுப்புத் துணி

1912 ஆகஸ்டு 6, செவ்வாய்.

மேல்காற்று. கடை முழுக்கப் புழுதி. உடன்குடி வண்டி வரவில்லை. பழைய கருப்பட்டியே விற்பனை. இருமல் நேற்று மாதிரியே.

காலையில் வீட்டுக்காரி ஞானம் விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். பிறகு அவரும் ஞானமும் மட்டும் வாசல் பக்கம் போய் ஏதோ பேசினார்கள்.

என்னவென்று கேட்டேன். “எந்நேரமும் கருப்பட்டிய வாயில போட்டு ஒதுக்கக் கூடாதாம்” என்றாள்.

அதைச் சொல்ல வாசல் எதற்கு?

7, புதன்.

மேகம். மழை இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தேன். தூக்கம் பாதி. குதிகாலில் குறுகுறுப்பு. இமைக்கு நடுவே பார்த்தால், மகள் எஸ்தர் என் காலடியில் ஒரு நூலைப் பிடித்திருக்கிறாள். மறுமுனை என் உச்சந்தலையில், ஞானத்தின் கையில்.

“நெஞ்சுக்கு நேரா ஒரு முடிச்சுப் போடுட்டி.”

“அம்மா, அப்பா அசையுதாக.”

“பைய, பைய.”

தூங்குகிறவன் போலவே கிடந்தேன். பிரசங்கத்தில்கூட இவ்வளவு அமைதியாக நான் இருந்ததில்லை.

சட்டைக்கு என்றால் தோளும் கையும் அளப்பார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை ஆளை அளப்பவன் ஒருத்தன்தான். சவப்பெட்டி செய்கிற ஆசாரி.

8, வியாழன்.

வண்டி வந்தது. இரண்டு பொதி. ஒன்று ஈரம்.

ஜவுளி வியாபாரி காதர் சாகிபு கடைக்கு வந்தார். மேலப்பாளையத்துக்காரர், பழைய சிநேகிதம்.

“என்னவே, உம்ம வீட்டுல கறுப்புப் பட்டு எடுத்தாகளே. விசேஷமா?”

“கறுப்புலயா?”

“உங்க சபை வழக்கம் எனக்கு என்னவே தெரியும்? நல்ல நீளமா கேட்டாக. கொடுத்தேன்.”

அவர் போனபின் தராசைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றிருக்கிறேன். வாங்க வந்த பெண்பிள்ளை, “அண்ணாச்சி, போடுதியளா, போகவா?” என்றாள்.

சந்தேகத்துக்குரியவை:
வாசலில் பேசியது.
நூல்.
கறுப்புப் பட்டு.
இன்று கேட்காமலே நெய்மீன் குழம்பு.

நாலாவதுதான் அதிகம் பயமுறுத்துகிறது. ஆனாலும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

எஸ்தருக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. கடையை ஞானம் நடத்துவாள். என்னைவிட நன்றாகவே நடத்துவாள். எஸ்தர் கலியாணத்தில் மட்டும் நான் நிற்க வேண்டும். ஜெபத்தில் அதைக் கேட்டேன். வேறெதுவும் கேட்க வரவில்லை.

9, வெள்ளி.

சொல்லாமல் சீக்கிரமே வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கறுப்புப் பட்டு விரித்துக் கிடந்தது. சாக்குக்கட்டியால் நெடுக ஒரு வெள்ளைக்கோடு, குறுக்கே ஒன்று. அவை வெட்டும் இடத்தில் காகிதச் சிலுவை, நாலு குண்டூசி. பக்கத்தில் எஸ்தரின் பூவேலை மிஷின். அவள் கையில் அதே நூல், அதே முடிச்சு.

“இது எனக்கா?” என்றேன்.

இருவரும் முழித்தார்கள். முதலில் சிரித்தது எஸ்தர்.

கோவிலில் சவப்பெட்டிமேல் விரிக்கிற துணி கிழிந்துவிட்டதாம். புதியதில் மிஷினால் சிலுவை தைக்கக் குருவானவர் எஸ்தரிடம் சொல்லியிருக்கிறார்.

“பழசுல துணிய ரெண்டா மடிச்சு நடுவுல தச்சுட்டாகப்பா. சிலுவை தொப்பையில போய் உக்காந்துட்டு. இது நெஞ்சுக்கு நேரா வரணும். பட்டுல ஊசி ஏறுனா ஓட்டை மூடாது, பிரிச்சுத் தைக்க முடியாது. அதான் முன்னாடியே அடையாளம் போடுதேன்.”

“என்கிட்ட கேட்டா என்ன?”

“உசுரோட இருக்கவர்ட்ட பெட்டித் துணிக்கு அளவு தாங்கன்னு எப்படிக் கேக்க?” என்றாள் ஞானம்.

“அப்ப டாக்டர்?”

“கருப்பட்டின்னு சொன்னேம்லா!”

சொன்னாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

10, சனி.

வெயில். கடையை அடைத்துவிட்டு டாக்டரிடம் தனியே போனேன். என்னிடம் எதையும் மறைக்க வேண்டாம் என்றேன்.

“மறைக்க என்னய்யா இருக்கு? சரக்குல பாதிய நீரே தின்னுதீராம். உம்ம சம்சாரம்தான் வாசல்ல வச்சு, டாக்டர் சொன்னதா நானே அதட்டிக்கிடுதேன்னு கேட்டாக.”

ஆக, சதி இருந்தது. நான் நினைத்த சதி இல்லை. திரும்பும் வழியெல்லாம் எனக்கு நானே சிரித்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

வீட்டில் எஸ்தர் முகம் தொங்கிக் கிடந்தது. அன்றைக்கு நான் முழங்காலை மடக்கித் தூங்கியதால் நூல் அளவு குறைச்சலாம். கோடு தப்பு. நானே பாயை விரித்து நீட்டிப் படுத்தேன்.

“வேண்டாம்ப்பா. வேற வழி பாத்துக்கிடுதேன்.”

“போடுட்டி. இந்த ஊர்ல என் உயரத்துக்குத்தான் பாதிப்பேர்.”

தலைமுதல் கால்வரை துணியைப் போர்த்தினார்கள். உள்ளே இருட்டு, புதுப் பட்டு வாசனை. சாக்குக்கட்டி நெஞ்சில் ஊர்ந்தது.

“மூச்சு விடாதிய, கோடு கோணுது” என்றாள் ஞானம்.

அடக்கினேன். முதலில் கோட்டுக்காக. அப்புறம் கொஞ்சம் வேடிக்கைக்காக.

“ஆச்சுங்க. எந்திரிங்க.”

கிடந்தேன்.

“ஏங்க?” குரலே வேறு மாதிரி இருந்தது. “ஏங்க! எஸ்தர், அப்பாவப் பாருட்டி!” என்று ஒரே இழுப்பில் துணியை உருவிச் சுருட்டி எறிந்துவிட்டாள்.

கோடு முழுக்க அழிந்து போயிற்று. ஞானம் இன்னும் என்னோடு பேசவில்லை. நாளை ஓய்வுநாள். திங்கட்கிழமை மறுபடி படுக்க வேண்டும்.