தொட்டில் அறைக்கு அடித்த மருந்து

போடிநாயக்கனூர்,
ஞாயிறு மாலை.

பிரபுவுக்கு, அத்தை அன்னக்கொடி எழுதுவது.

மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? அண்ணனும் அண்ணியும் மேலே மலையில் ஏலத்தோட்டத்தில் இருக்க, பள்ளிக்கூடத்துக்காக நீ என் வீட்டில் தங்கியிருந்த காலம். குளியலறை மூலையில் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. வாயெல்லாம் பற்பசை நுரையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். "ஏன்த்தே, ஈ ஒட்டிக்கிருது, கொசு ஒட்டிக்கிருது. அது மட்டும் அதோட வலையில ஒட்ட மாட்டேங்குதே?" என்றாய். விசாரித்துவிட்டு மறுநாள் சொன்னேன். எல்லா இழையிலும் பசை இருக்காது. எதில் பசை வைத்தோம் என்று அதற்குத் தெரியும். காலின் நுனியை மட்டும் ஊன்றி, பார்த்துப் பார்த்து நடக்கும். நீ உடனே, "அப்ப அது வெவரமானதுதான்த்தே" என்று சான்றிதழ் கொடுத்தாய்.

ஆஸ்பத்திரியில், உன் தோட்டத்தில் வேலை செய்கிற கருப்பம்மாளின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அந்தச் சிலந்திக்கு இருந்த விவரம் உனக்கு இல்லாமல் போய்விட்டதே!

போனில் பேசலாமே என்பாய். பேசினால் கத்திவிடுவேன். நான் கத்த ஆரம்பித்தால் "சிக்னல் விட்டுவிட்டு வருதுத்தே" என்று வைத்துவிடுவாய். பக்கத்து அறையில் பிள்ளையோடு உன் பெண்டாட்டி கார்த்திகா வேறு இருக்கிறாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அதனால்தான் எழுதி, ஜீப்புக்காரர் கன்னையனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. பாப்பா குப்புற விழுந்துவிட்டாள். விழுந்ததும் தலையைத் தூக்கி, ஏதோ சாதித்தவள் மாதிரி எங்களைப் பார்க்கிறாள். கையில் எது அகப்பட்டாலும் வாய்க்குத்தான் போகிறது. என் மூக்குக் கண்ணாடியை நேற்று நக்கியே துடைத்துக் கொடுத்துவிட்டாள். ஐந்தாம் மாதம் பிறந்ததும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதாக நாள் குறித்தோமே, அதற்காகக் கார்த்திகா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இனி கருப்பம்மாள். பிழைத்துவிட்டாள். நேற்றிலிருந்து கஞ்சி குடிக்கிறாள். கண்தான் இன்னும் தெளியவில்லை. என்னைப் பார்த்து, "டீச்சரு, நீங்க மசமசன்னு ரெண்டு பேராத் தெரியிறீக" என்று சிரிக்கிறாள். அவள் சிரிக்கிறாளே என்றுதான் எனக்கு அழுகை வந்தது.

அவளைக் கொண்டுவந்த அன்று ஆஸ்பத்திரிக்கு நீ போனில் என்ன சொன்னாய்? சிலந்தி கடித்துவிட்டது என்றாய். எனக்கும் அதையே சொன்னாய். "மலைச் சிலந்தித்தே, இம்புட்டுப் பெருசு. நீங்க பதறாதீக" என்றாய். வாந்தியும் வியர்வையுமாக, வாயோரம் எச்சில் வழிய ஒருத்தி துடித்துக்கொண்டிருக்க, அங்கே அவள் கையிலும் காலிலும் கடிவாயைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் அவள் சேலையை ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம் நீட்டினார். பையைப் பிரித்தேன். அந்த வாடை போடியில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது? ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்து. டாக்டரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் சரியான வைத்தியம் ஆரம்பித்தது. நான் அந்தப் பையைப் பிரிக்காமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கொஞ்சம் தெளிந்ததும் அவளே சொன்னாள். "பாப்பா வருதுல்ல டீச்சரு, மொதலாளி வீட்டச் சுத்தம் பண்ணச் சொன்னாரு. தரையெல்லாம் பெசுபெசுன்னு இருந்துச்சு, துணிய நனைச்சுத் தொடச்சேன். எட்டுக்கால் பூச்சியா செத்துக் கெடந்துச்சு. கையாலயே அள்ளிப் போட்டேன். நல்லாத்தானே இருந்தேன், என்னமோ ஆகிப்போச்சு."

பிரபு, செடிக்கு மருந்து அடித்த காட்டுக்குள் சொன்ன நாள் கழியும்வரை ஆளை இறக்கமாட்டாய். முகத்தில் துணி கட்டாமல் மருந்தடிக்க வந்தவனை "வீட்டுக்குப் போடா" என்று நீ விரட்டியதை நானே பார்த்திருக்கிறேன். அவ்வளவு விவரம் தெரிந்தவன், அதே மருந்தை அதே மெஷினில் ஊற்றி, என் பேத்திக்குத் தொட்டில் கட்டப்போகிற அறையில் அடித்திருக்கிறாய். செடிக்கு விஷம், வீட்டுக்குள் வந்தால் பன்னீரா?

ஏன் செய்தாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கார்த்திகாவுக்குச் சிறு வயதிலிருந்தே சிலந்தி என்றால் பயம். "சுவத்துல அது உக்காந்திருக்கற வீட்டுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு வரமாட்டேன், சொல்லிட்டேன்" என்று உன்னிடம் போனில் அவள் சண்டை போட்டது என் காதிலும் விழுந்தது. பெண்டாட்டி பிள்ளை மேல் இருக்கிற ஆசையில் செய்தாய். ஆசையில் செய்ததை நான் மன்னித்துவிடுவேன். அடுத்து வாய் திறந்து ஒரு பொய் சொன்னாயே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. கருப்பம்மாளைத் தூக்கி ஜீப்பில் ஏற்றும்போது மருந்து மெஷின் உன் வீட்டு முன்வாசலில் இருந்ததாகக் கன்னையன் சொல்கிறார். மறுநாள் அது ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால் போய்விட்டதாம். மெஷினுக்குக் கால் முளைத்ததா? தெரியாமல் சொன்னவன் மெஷினை ஒளித்துவைக்க மாட்டான்.

உன் பொய் உன் வீட்டோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்பேன். நேற்று, கருப்பம்மாள் வீட்டுக்காரர் சோலைமலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர்கள் ஊரான சிலமலைக்குப் போனேன். வாசலுக்கு வரும்போதே அதே வாடை. அவர் சந்தோஷமாகச் சொல்கிறார்: "நம்ம வீட்லயும் அடிச்சு விட்டுட்டேன் டீச்சரம்மா. மேல ஒரு கேன்ல அடியில கொஞ்சம் கெடந்துச்சு. இனிமே ஒரு எட்டுக்கால் உள்ள வரட்டும் பாப்போம்." உள்ளே எட்டிப் பார்க்கிறேன், இரண்டு பிள்ளைகளும் பாயில் படுத்துத் தூங்குகிறார்கள்.

நான் கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. பிள்ளைகளைத் தூக்கி வெளியே கொண்டுவந்து, சோப்புப் போட்டுக் குளிக்கவைத்து, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் காட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. இப்போது அவர்களுடைய சித்தி வீட்டில் இருக்கிறார்கள். கருப்பம்மாளுக்கு வந்தது கடியால் இல்லை, மருந்தால் என்று சோலைமலையிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "மொதலாளி சிலந்தின்னுல்ல சொன்னாரு? அவரு பொய் சொல்லுவாரா?" என்றார்.

நீயே சொல்.

உன் தோட்டத்துக்கு ஜீப்பில் வருகிற ஆட்கள் அத்தனை பேரும் அதையேதான் பேசிக்கொள்கிறார்களாம். மேலே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் அடிக்க யோசிக்கிறார்கள் என்று கன்னையன் சொன்னார். சோலைமலை மாதிரி எத்தனை பேர், எத்தனை கேன்? யாரும் என் பேச்சைக் கேட்கப்போவதில்லை. உன் வாயிலிருந்து வந்ததை உன் வாய்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

இத்தனை கோபத்திலும் எனக்குப் பாடம் நடத்துகிற புத்தி போகாது. கேட்டுக்கொள். நம் பஸ் ஸ்டாண்டில் வடை போடுகிறவர் அடுப்பை எந்தப் பக்கம் நகர்த்துகிறாரோ, கூட்டமும் அந்தப் பக்கம் நகரும். கூட்டத்தைத் தடியெடுத்து விரட்டினால் கலையாது. அடுப்பை நகர்த்தினால் போதும். உன் வீடு காட்டுக்கு நடுவில் இருக்கிறது. அடுக்களை வாசலில் ராத்திரி முழுக்க வெள்ளை பல்பு எரிகிறது. மரத்திலிருக்கிற பூச்சியெல்லாம் அந்த வெளிச்சத்துக்கு வருகிறது. பூச்சியைத் தின்னச் சிலந்தி வருகிறது. நீ வடைக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வந்தவனுக்கு விஷம் வைக்கிறாய்.

அந்த பல்பை அணைத்துவை. வேண்டும்போது மட்டும் போடு, அதையும் மஞ்சளாக மாற்று. சுவரோடு சாத்தி அடுக்கியிருக்கிற விறகை எடுத்துத் தள்ளி வை. கூரையைத் தொடுகிற கிளையை வெட்டு. ஜன்னலுக்குக் கொசுவலை அடி, கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடுக்கை அடை. பரணில் கிடக்கிற பழைய சாக்கும் அட்டைப் பெட்டியும் எதற்கு? வாரம் ஒரு முறை ஒட்டடைக் கம்பை எடுத்து மூலைகளைத் தட்டு. வெள்ளையாக உருண்டையாக முட்டைப் பை இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துவிடு. இவ்வளவுக்கும் மீறி ஒன்று வந்து சுவரில் உட்கார்ந்தால், மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் கல்யாணப் பத்திரிகை ஒன்றைச் செருகி, அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் காபிச் செடியில் விட்டுவிட்டு வா. உன் வீட்டில்தான் பத்திரிகைக்குப் பஞ்சமில்லையே. அந்தப் பெரிய சிலந்தி கரப்பான் தின்று பிழைக்கிறது. உன் பெண்டாட்டியைத் தின்ன வரவில்லை. இதைக் கார்த்திகாவிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாதி நம்புகிறாள்.

இன்னொன்று. நீ அடித்த மருந்து சிலந்திக்கே சரியான வைத்தியம் இல்லை. அன்று சொன்னேனே, அது கால் நுனியை மட்டும் ஊன்றி நடக்கிறது. அடித்த அன்று சிலது செத்திருக்கும். காய்ந்த தரையில் அடுத்து வருவது தன்பாட்டுக்கு நடந்து போகும். நம் பாப்பா அப்படி நடக்கமாட்டாள். உள்ளங்கை, முழங்கால், வயிறு, கன்னம் எல்லாவற்றையும் தரையில் வைத்துத்தான் நகர்வாள். பிறகு கையை வாயில் வைப்பாள். நீ யாருக்குப் பொறி வைத்தாய், அதில் யார் போய் ஒட்டப்போகிறார்கள் என்று கொஞ்சம் யோசி.

குறித்த நாளில் நாங்கள் வரவில்லை. இது அத்தையின் கோபம் இல்லை, முடிவு. ஊரில் யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

என்ன மருந்து, எவ்வளவு அடித்தாய் என்று டாக்டரிடம் நீயே வந்து சொல். வீட்டை எப்படிக் கழுவுவது, எத்தனை நாள் கதவைத் திறந்து போடுவது என்று மருந்து விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு, கையுறை போட்டு, நீயே கழுவு. இன்னொரு கருப்பம்மாளைக் கூப்பிடாதே. கழுவின தண்ணீரை ஓடைப் பக்கம் விடாதே. அந்த அறையில் இருந்த பாய், மெத்தை, தொட்டில் துணி எதுவும் நமக்கு வேண்டாம். காலையில் ஜீப்பு வந்து ஆட்கள் இறங்கும்போது அத்தனை பேர் முன்னாலும் நின்று, கருப்பம்மாளைச் சிலந்தி கடிக்கவில்லை, நான் அடித்த மருந்து என்று சொல். சோலைமலை முகத்தைப் பார்த்துச் சொல். கார்த்திகாவிடமும் நீதான் சொல்ல வேண்டும். அவளாக என்னைக் கேட்டால் நான் மறைக்கமாட்டேன்.

கேள்வி கேட்ட அந்தப் பையனைத்தான் மருமகனாக்கிக்கொண்டேன். அவன் எங்கேயும் போய்விடவில்லை என்று நம்புகிறேன். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். மருந்து அடித்த நீயும் அதே வாடையைத்தான் சுவாசித்திருப்பாய். ஒரு முறை டாக்டரிடம் காட்டு. நன்றாக இரு.

எல்லாம் கழுவி முடித்த பிறகு ஒன்று செய். தொட்டில் கட்டுகிற இடத்தில், பாப்பா மாதிரி முழங்கால் போட்டு, வெறும் உள்ளங்கையைத் தரையில் வை. அந்தக் கையை மெதுவாக உன் வாய்ப் பக்கம் கொண்டு போ. வாயில் வைக்க வேண்டாம். வழியில் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் பார்த்து, எனக்குச் சொல்.

உன் அத்தை,
அன்னக்கொடி