இறைப்பு மிசினுக்கு ஊதுபத்தி

இன்று விடியற்காலை பக்கத்துக் காணியில் இறைப்பு மிசின் ஓடுகிற சத்தம் கேட்டது. சத்தம் பெரிது, ஆனால் பாரமில்லை. தண்ணீர் ஏறவில்லை என்று படுத்த படுக்கையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ இருந்திருந்தால், "வெறுமையாய் ஓடுது, நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்று குசினிக்குள் இருந்தே கத்தியிருப்பாய்.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் இங்கே குடியேறிய புதிது. வயலுக்குக் குளத்துத் தண்ணீர் வந்தது. வீட்டு வளவில் நட்ட மிளகாய்க்குக் கிணறுதான். கன்றுகள் பூத்து நிற்கிற நேரம் பார்த்து மிசின் சண்டித்தனம் பண்ணியது. கொஞ்சம் தண்ணீர் வரும், இருமும், துப்பும், நின்றுவிடும். நான் நேரே எஞ்சினில் கைவைத்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். மண்ணெண்ணெய்த் தாங்கியைக் கழுவினேன்.

"எஞ்சினுக்கு ஒண்டுமில்லை. அதைப் போட்டு வதைக்காதேங்கோ" என்றாய்.

"இந்த மிளகாய் கருகினால் காணியைக் குடுத்திட்டு அண்ணரிட்டைப் போவம்" என்று கத்தினேன். யாழ்ப்பாணத்தில் என் அண்ணர் வீட்டில் உனக்கென்று இருந்தது குசினியில் ஒரு மூலை மட்டும்தான். இந்த வளவுதான் நீ உன்னுடையது என்று சொல்லி நடந்த முதல் நிலம்.

நீ போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாய். குழாயின் அடி தண்ணீருக்குள் நன்றாக அமிழ்ந்திருந்தது. மிசினை நிறுத்தி, பம்புக்குள் தண்ணீர் வார்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாய். வார்த்த தண்ணீர் இறங்கவில்லை. "அடி வால்விலையும் பிழையில்லை" என்றாய். பிறகு சாமியறைக்குள் போய் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வந்தாய். மிசினை ஓடவிடச் சொன்னாய்.

சரி, மனுசி கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். தோளில் கிடந்த சால்வையை இடுப்பில் கட்டி, கண்ணை மூடிக் கும்பிடத் தொடங்கினேன்.

"இஞ்சாருங்கோ, கும்பிடுறது பிறகு. புகை எந்தப் பக்கம் போகுதெண்டு பாருங்கோ."

சேலைத் தலைப்பால் காற்றை மறைத்தபடி, குழாயின் மூட்டு மூட்டாகப் பத்தியைப் பிடித்துக்கொண்டு வந்தாய். வளைவு மூட்டுக்குக் கிட்டப் போனதும், மேலே எழும்பிக்கொண்டிருந்த புகை திரும்பிக் குழாய்க்குள் புகுந்தது. "இதாலைதான் காத்து இழுக்குது." மிசினை நிறுத்தி, சவர்க்காரத்தைப் பிசைந்து அந்த இடத்தில் அப்பி, பழைய சைக்கிள் ரியூப்பைக் கிழித்து இறுக்கிச் சுற்றினாய். திரும்ப ஓடவிட்டபோது வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்தது. நான் கும்பிட்டு நின்ற கதையை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாய். உன்னைப் போல ஒருத்தி எனக்கு வாய்த்தாளே என்று அன்று வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

இப்போதும் வீட்டில் எது பழுதானாலும், அதிகம் சத்தம் போடுகிற பாகத்தை விட்டுவிட்டு, எங்கே காற்று இழுக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு அண்ணர் என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார். "தனிய இருந்து என்ன செய்யப்போறாய்? அங்கை வா" என்றார்.

"நான் வரேல்லை அண்ணை."

"இஞ்சை உனக்கு ஆர் இருக்கினம்?"

நான் சட்டைகளை எடுத்துத் திரும்ப அலுமாரியில் அடுக்கினேன்.

"நாளைக்கு அவ நட்ட மிளகாய்க்கு இறைக்கவேணும்" என்றேன்.